வாயில் வராத பெயருக்கு ஒரு தலைப்பு

1

போன வாரம் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறை ஒன்றுதான். தலைப்பு முழுமையாக இல்லையாம். எந்த ஊர்ப் பெண்களைப் பற்றிய ஆய்வு என்று தலைப்பு சொல்லவில்லையாம். ஊர்ப் பெயரைச் சேர்த்து, ஜனவரியில் குழுவின் முன்னால் நின்று வாய்விட்டு வாசித்தால் ஒப்புதல் தருவார்களாம். நவம்பர் பிறந்து கனடாவின் வின்னிபெக் நகரத்தில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

எங்கள் ஊர் எதுவென்று இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. கார்த்திகைக்கு மலைமேல் தீபம் ஏற்றுகிற ஊர். பௌர்ணமி என்றால் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காத ஊர். அந்த ஊர்ப் பெயரின் முன்னால் இருக்கிற 'திரு'வை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என் வீட்டுக்காரர் பெயர். இப்போது தெரிந்திருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் கண்டக்டரிடம் கணீரென்று ஊர்ப் பெயர் சொல்லி டிக்கெட் வாங்கியவள்தான். தாலி ஏறியதும் ஊர், மலைக்குப் பின்புறம் அதே பெயர் ஒட்டிக்கொண்ட நான் பிறந்த கிராமம், சாமி மூன்றும் ஒரே முகூர்த்தத்தில் என் வாயைவிட்டுப் போய்விட்டன. கோயிலில் எல்லோரும் சாமி பேரைச் சொல்லி அரோகரா போட்டால் நான் வெறும் அரோகரா மட்டும் போடுவேன். நாங்கள் இங்கே வர விமானம் ஏறிய 1989இல், வட ஆற்காட்டைப் பிரித்துப் புது ஜில்லா உண்டாக்கினார்கள். அதற்கும் அதே பெயரையே வைத்தார்கள். எனக்கென்றே செய்தார்களோ என்று இருந்தது.

2

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும். எங்கள் பக்கத்து நம்பிக்கை இது. படித்தவர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவள், சிரித்தவள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரி ஒருத்தி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போவாள். "இவ்ளோ கத்தறா, அந்த ஆளு இன்னமும் கல்லு மாதிரி கீறானே!" என்று பெண்கள் அதிசயப்படுவார்கள். நான் அதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

அந்தச் சிரிப்பு என் அக்கா கஸ்தூரியோடு முடிந்தது. மாமா பெயர் ஏழுமலை. பம்புசெட்டுக்குக் கரண்ட் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். மாமாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். புருஷன் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். அக்கா எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் செய்தாள். ஏழு விரலைக் காட்டினாள், ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். எங்கள் ஊரில் எந்த ஜன்னலில் பார்த்தாலும் மலை தெரியும். வேறு யாராக இருந்தாலும் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் ஊருக்குப் புதுசு.

"ஊமையா நீ? வாயத் தொறந்து சொல்லு. நீதானே மனு குடுக்கற? அவ சொல்லக் கூடாது," என்று என்னையும் அடக்கினார்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கரண்ட் வந்தது. அடுத்த பௌர்ணமிக்குள் அதே பம்புசெட்டில் கை வைத்த மாமா போய்விட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே, "என் வாய்தான்டி," என்றாள்.

நான் இதை நம்புகிறேனா என்று கேட்டால், இல்லை. பயப்படுகிறேனா என்று கேட்டால், ஆமாம். இந்த இரண்டும் ஒரே உடம்பில் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

3

வின்னிபெக் தட்டையான ஊர். தோசைக்கல் மாதிரி. நகரத்துக்குள் இருக்கிற ஒரே மேடு, பழைய குப்பைக் கிடங்கை மண் போட்டு மூடிப் புல் வளர்த்தது. குளிர்காலத்தில் பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடும். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டீசல் மெக்கானிக். முதல் வருஷமே அந்த மேட்டைக் காட்டி, "தனம், இந்த ஊர்ல என் பேர நீ காட்டணும்னா இத்ததான் காட்டணும்," என்று சிரித்தார். நான் அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

வந்த புதிதில் ஒரு கவுண்டரில் என்னிடம் கணவர் பெயர் கேட்டார்கள். அவர் நகல் எடுக்க வெளியே போயிருந்தார். பழக்க தோஷம், என் கை தானாக ஜன்னல் பக்கம் நீண்டது. வெளியே மலை எங்கே இருக்கிறது? கார்கள் நின்றன, அதற்கப்பால் வானம் வரைக்கும் வெள்ளைத் தரை. காரில் படிந்த பனியை ஓர் ஆள் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான். கவுண்டர்க்காரி என் விரல் காட்டிய திசையில் பார்த்து, "ஓ, அவரா? உள்ளே கூப்பிடுங்கள்," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, என் ஆள் திரும்பி வந்தார்.

அதன் பிறகு அவருடைய அடையாள அட்டையின் நகல் ஒன்று என் கைப்பையில் நிரந்தரமாகக் குடியேறியது. யார் கேட்டாலும் எடுத்து நீட்டுவேன். அதிலும் ஒரு கூத்து. பாஸ்போர்ட்டில் பெயர் இரண்டாக உடைந்திருந்ததால் இந்த நாட்டுக்கு அவர் முதல் பெயர் 'அன்னா' ஆகிவிட்டது. அது இங்கே பெண் பெயர். பெண்களுக்கான இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அவருக்கு வருஷா வருஷம் அழைப்பு வரும். டிப்போவில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வருவார்.

"பாத்தியா, நாடே என் பேரச் சொல்லுது. நான் செத்தா போயிட்டேன்? நீயும் ஒரு தடவ சொல்லித்தான் பாரேன்."

"வாயக் கழுவுங்க," என்பேன். பதினேழு வருஷமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த வசனம் இது.

4

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சட்டை நனைந்துவிட்டது. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். முகவரி சொன்னேன், வயது சொன்னேன், எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அவர்கள் வந்துவிட்டார்கள். அவருக்குக் கண் செருக ஆரம்பித்திருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்த இளைஞன் என்னைப் பார்த்து, "இவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிப்பார்," என்றான்.

எனக்கு வாய் வரவில்லை. கைப்பை மாடியில். நான் அவர் தோளைப் பிடித்து, "ஏங்க... ஏங்க..." என்று அலறினேன்.

அந்தப் பையன் அதையே பெயர் என்று எடுத்துக்கொண்டான். "மிஸ்டர் ஏங்கா! ஏங்கா, நான் பேசுவது கேட்கிறதா? ஏங்கா!" என்று கன்னத்தைத் தட்டினான். கூட வந்தவள் தன் தாளில் அதை எழுதியும் கொண்டாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இல்லை, அது பெயர் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். என் மகள் நித்யா மாடியிலிருந்து ஓடிவந்தவள் என்னைத் தள்ளிவிட்டு அப்பாவின் பெயரைக் கத்தினாள். அவர் கண்ணைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் 'ஏங்கா' என்று ஒரு நோயாளி, அவர் பெயரில் ஒரு நோயாளி என்று இரண்டு பேர் கணக்கில் ஏறி, அதைச் சரிசெய்ய ஒரு நாள் அலைந்தோம். அது பெரிதில்லை. அன்று காத்திருக்கும் அறையில் நித்யா என் பக்கத்தில் உட்காராமல் எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பெண். கோபம் வந்தால் தமிழில் பேசமாட்டாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"அப்பா சாகப் போறாரு. நீ பேர் சொல்ல மாட்டேன்னு நிக்கற. உனக்கு அப்பா முக்கியமா, அந்த சூப்பர்ஸ்டிஷன் முக்கியமா?"

அவர் முக்கியம் என்பதால்தான் சொல்லவில்லை என்று எப்படி அவளுக்குப் புரியவைப்பேன்? மூன்று அடைப்புகள், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், டிசம்பரில் தேதி என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து நித்யா என்னிடம் சாப்பாடு, சாவி இரண்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள்.

5

ஆய்வு என்ன என்று சொல்லாமலே ஓடிவிட்டேன். நான் முதியோர் இல்லம் ஒன்றில் தாத்தா பாட்டிகளை வரையவைக்கிற வேலை பார்க்கிறேன். அங்கே வந்த ஹெலன் என்ற பேராசிரியை, "இதையே ஏன் நீ படிக்கக் கூடாது?" என்று இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். கலைவழி ஆய்வு என்று ஒரு துறை. கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்குவதற்குப் பதிலாக, மனிதர்களை வரையவிட்டு, தைக்கவிட்டு, பாடவிட்டு, அதன்வழியே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது.

மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனபோது, கிராமத்தில் பெண்களைக் கூட்டிக் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்தேன். "உங்க வீட்டுக்காரர் பேர வரைங்க. எழுதக் கூடாது," என்றேன். ஒரே கூச்சல். வேலு பெண்டாட்டி வேல் வரைந்தாள். சந்திரன் பெண்டாட்டி நிலா வரைந்துவிட்டு, "ஐயையோ, என் மாமனார் பேரும் இதுல வருது," என்று அழித்தாள். என் அக்கா ஏழு கோடு போட்டு, கீழே ஒரு பம்புசெட் வரைந்தாள். சம்பத்து பெண்டாட்டி சரசு அரைமணி நேரம் யோசித்து, கடைசியில் ஒரு ஜோடி செருப்பு வரைந்தாள். "இந்தப் பேர எப்டி வரையறது? வாசல்ல இது கெடந்தா அவரு கீறாருன்னு அர்த்தம். போதும்," என்றாள். எங்கள் கிராமத்தில் மலையை வரைந்தவர்கள் மட்டும் ஐந்தாறு பேர்.

கிளம்பும்போது சரசு என் கையைப் பிடித்துச் சொன்னாள். "எங்க பேரெல்லாம் போடாத. ஆனா ஊரு பேரப் பெருசா போடு. கனடாவுல படிக்கட்டும்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன்.

தலைப்பு வைப்பதற்கு ஹெலனிடம் ஒரு முறை உண்டு. அவள் அறையில் குறுக்கே கயிறு கட்டியிருக்கும். தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதித் துணி கிளிப்பில் மாட்டச் சொல்வாள். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பாள். எடுத்தும் அர்த்தம் விழாவிட்டால் அந்தச் சொல் குப்பைத்தொட்டிக்கு.

என் முதல் தலைப்பு: 'தென்னிந்தியக் கிராமப்புற மகளிரிடையே பெயர் தவிர்ப்பு: ஒரு காட்சிவழிப் பண்பாட்டு ஆய்வு.' வீட்டில் காட்டியபோது அவர், "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது," என்றார். பெயர் பெரிய பெயர், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஹெலன் அதையே வேறு மாதிரி சொன்னாள். "படித்ததும் கண்ணில் ஏதாவது தெரிகிறதா? இல்லையே."

அடுத்தது: 'மௌனத்தின் வண்ணங்கள்.' எனக்கே புல்லரித்தது. ஹெலன் படங்களைப் புரட்டிக்கொண்டே, "அவர்கள் மௌனமாகவா இருந்தார்கள்?" என்று கேட்டாள். எங்கே! அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தத்தில் தெருவில் போன மாடு மிரண்டது. "அப்படியென்றால் இது பொய். அழகான பொய்தான் தலைப்பில் முதலில் வந்து உட்காரும்," என்று அதையும் கழற்றிப் போட்டாள்.

கடைசியில் நின்றது: 'வாயில் வராத பெயர்.' புள்ளி இரண்டு வைத்து, அதற்குப் பின்னால் யார், எங்கே, எப்படி. முன்னால் இருப்பது படிக்கிறவரைக் கூப்பிட வேண்டும், பின்னால் இருப்பது அவரை ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்பாள் ஹெலன். பின்னால் நான் 'தென்னிந்தியக் கோயில் ஊர் ஒன்றின் பெண்கள் வரைந்தவை' என்று போட்டுக் கொடுத்தேன். அதைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் கோயில் இல்லாத ஊர் எது என்று ஒருவர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். நியாயம்தான்.

"பெண்கள் ஊர்ப் பெயரைப் போடச் சொன்னார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு ஏன் மறைத்தாய்?" என்று ஹெலன் கேட்டாள்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். அக்காவைச் சொன்னேன், மாமாவைச் சொன்னேன், சமையலறைத் தரையைச் சொன்னேன். ஹெலன் கயிற்றில் தொங்கிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தாள்.

"நீ படம் வரைந்தாயா, அன்றைக்கு?"

"இல்லை. நான் ஆய்வாளர்."

"இந்தத் தலைப்பில் விடுபட்டிருப்பது ஊர் மட்டும் இல்லை, தனம். நீயும்தான்."

அவள் என்னைவிட வயதில் சின்னவள். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது அந்தக் கோபம் பயமாக மாறிவிட்டது.

6

அன்றைக்கு வரையாமல் விட்ட மலையை இப்போது நானும் வரைந்து படங்களோடு சேர்த்தேன். புதுத் தலைப்பையும் எழுதிவிட்டேன். எழுதுவது வேறு, சொல்வது வேறு. இருந்தாலும் அந்த ஒரு சொல்லை எழுதும்போது பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு முந்திய சனிக்கிழமை. பகல் சாப்பாடு முடிந்து அவர் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார்.

"புதுசா? படி, கேப்போம்."

"வேணாம்ங்க. ஜனவரியில படிச்சுக்கறேன்."

"அன்னைக்கு வாய் கொழறும். இங்க ஒரு வாட்டி படிச்சுப் பாரு. பதினேழு வருஷமா கேக்கறேன், இன்னைக்காவது காதுல உழட்டும்." பழைய கிண்டல்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நித்யா சோபாவில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். "வாயில் வராத பெயர்," என்று முதல் பாதியைப் படித்தேன். புள்ளி இரண்டுக்கு ஒரு நிறுத்தம் விட்டேன். அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தேன்.

அவர் கை சடாரென்று வந்து காகிதத்தை மூடியது. டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் மேஜையெல்லாம் ஓடியது.

"இப்ப வேணாம்," என்றார். சிரிப்பு இல்லை. "ஆபரேஷன் முடியட்டும், தனம். அப்புறம் படிச்சுக்கலாம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நனைந்த காகிதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நித்யா காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

இதுவரை இந்த வீட்டில் பயப்படுவது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவர் கிண்டல் செய்துகொண்டிருந்தவரைக்கும் எனக்குள் ஒரு தைரியம் இருந்தது. அவர் பயப்படவில்லையே, அப்படியானால் ஒன்றும் ஆகாது என்று. அதுவும் அன்றைக்குப் போய்விட்டது.

7

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். அக்காவிடம் ஆபரேஷன் என்று சொன்னேன், தலைப்பு விஷயத்தையும் சொன்னேன். சொல்லாதே என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் படிப்பையே விட்டுவிடலாம் என்று இருந்தேன். உண்மையில் அதைக் கேட்கத்தான் போன் போட்டேன்.

அக்காவுக்குப் பின்னால் கிரிவலம் போகிற ஜனங்களின் சத்தமும் யாரோ டீ விற்கிற சத்தமும் கேட்டது.

"நான் இப்பல்லாம் டெய்லி சொல்றேன்டி," என்றாள்.

"என்னாத்த?"

"அவரு பேரத்தான். விதவை பென்ஷன் ஆபீஸ்ல சொல்லு, ரேஷன்ல சொல்லு, பேங்குல சொல்லு. அவரு போனதுக்கப்புறம் யாருக்குன்னு பயப்படறது? சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. ஊருல இருக்கறவன் எல்லாம் என் வாயால அவரு பேரக் கேட்டுட்டான்."

"அக்கா..."

"அவரு ஒருத்தர்தான் கேக்கல. உயிரோட கீறப்போ ஒரே ஒரு தபா சொன்னேன், அதுவும் எவனோ ஒரு ஆபீசருக்கு. அவரு காய்ச்சல்ல வூட்டுல படுத்துங்கெடந்தாரு. அவர்கிட்ட சொன்னதே இல்ல, தனம்."

சொல்லலாமா கூடாதா என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. போன் கார்டில் நிமிஷம் தீர்ந்து லைன் போய்விட்டது.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பு எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. இப்போது இரண்டு. சொன்னால் போய்விடுவாரோ என்பது பழையது. நான் சொல்லிக் கேட்காமலே போய்விடுவாரோ என்பது புதியது. இரண்டுக்கும் நடுவில் புதன்கிழமை வந்துகொண்டிருந்தது.

8

புதன்கிழமை வந்து, போயும்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, நெஞ்சு முடியெல்லாம் மழித்து, பச்சைத் தொப்பி போட்டுவிட்டார்கள். திருநீறு பூசக்கூடாது என்றார்கள். நான் பூசினேன், நர்ஸ் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். ஆபரேஷன் அறைக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. அதற்கு அப்புறம் குடும்பத்தார் வரக்கூடாது. அங்கே நிறுத்தி அவரிடமே பெயர், பிறந்த தேதி, என்ன ஆபரேஷன் என்று கேட்டார்கள். அவர் சொன்னார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளுங்கள்," என்று நர்ஸ் தள்ளி நின்றாள்.

நித்யா அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். நான் குனிந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டீசலும் கிரீசும் ஏறிக் கறுத்த அந்த விரல்கள் பனியில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தன.

"தனம். அந்தத் தலைப்பு."

"முடிச்சுட்டு வாங்க. வந்ததும் படிக்கறேன்."

"இல்ல. இப்பச் சொல்லு."

"நீங்கதானே வேணாம்னீங்க?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான் பயமா இருக்குது. நீ சொல்லு."

நான் நித்யாவைப் பார்த்தேன். வேண்டாத சூப்பர்ஸ்டிஷன் என்று என்னைத் திட்டிய பெண், என் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு, அம்மா, வேணாம்மா என்பதுபோல் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தப் பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அக்காவை நினைத்துக்கொண்டேன். அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, காகிதம் இல்லாமலே சொன்னேன். மனப்பாடம்தான்.

"வாயில் வராத பெயர்: திருவண்ணாமலைப் பெண்களும் நானும் வரைந்தவை."

கண்ணை மூடிக்கொண்டேன். கூரை இடிந்து விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரம் காதுவரை இறங்கியிருந்தது.

"அது ஊரு பேரு," என்றார். "திரு இல்லாம சொல்லு."

நர்ஸ் வண்டியின் கைப்பிடியில் கை வைத்துவிட்டாள். சக்கரம் மஞ்சள் கோட்டைத் தாண்டி உருண்டது. என் கை அவர் பிடியிலிருந்து நழுவியது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"அண்ணாமலை!"

படுத்திருந்தபடியே அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். கதவு மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு காத்திருந்ததைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நித்யா இந்தத் தடவை எதிர் வரிசைக்குப் போகவில்லை. என் தோளில் சாய்ந்து, சின்ன வயதில் செய்ததுபோல் என் வளையலை உருட்டிக்கொண்டே இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். யார் யாரையோ கூப்பிட்டார்கள். எங்களைக் கூப்பிட்டபோது டாக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது, ஆனால் முதல் இரண்டு நாள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலை அவர் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தார்கள். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். உடம்பெல்லாம் ஒயர். தலைமாட்டில் ஒரு பெட்டியில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் திறந்து, நான்தான் என்று தெரிந்துகொண்டு, காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

நான் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, பேசாம படுங்க," என்றேன்.